லிங்கிங் வேர்ட்ஸுக்கு மட்டும் ஆறு வார ஆன்லைன் வகுப்பு: சேரலாமா?

ஆங்கிலத்தில் பெரிய இலக்கணப் பிழை இல்லாமல் எழுதத் தெரியும், ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், நானும் அங்கேதான் இருந்தேன். வேலையில் நான் அனுப்பிய இரண்டு பக்க அறிக்கை ஒன்றை என் மேலாளர் திருப்பி அனுப்பினார். "ஒவ்வொரு வரியும் புரிகிறது, எதனால் எது நடந்தது என்றுதான் புரியவில்லை" என்று மட்டும் மேலே எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை, அதனால்தான் அது இன்னும் உறுத்தியது. அப்புறம் தேடிப்பிடித்துச் சேர்ந்ததுதான் இந்த ஆன்லைன் வகுப்பு. இணைப்புச் சொற்களுக்கென்றே, அதாவது ஹவெவர், தேர்ஃபோர், ஆல்தோ, மோர்ஓவர் போன்றவற்றுக்கென்றே ஆறு வாரம். குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

அமைப்பு இப்படி: வாரம் இரண்டு நேரடி வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும், ஆசிரியர் திருத்தி அனுப்புவார். அதோடு ஒரு பயிற்சிப் பக்கம் உண்டு, அதில் நாம் எழுதும் பத்திக்குக் கணினியே மதிப்பெண் போடும். இந்த மூன்றில் திருத்தம் அருமை, நேரடி வகுப்பு பெரும்பாலும் நன்று, மதிப்பெண் போடும் பக்கம் பாடத்துக்கே எதிரி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதல் வாரம் ஓர் அட்டவணையோடு தொடங்குகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள், நான்கு கட்டம்: கூட்டிச் சொல்ல, மாறுபடுத்த, காரணம் சொல்ல, காலவரிசை சொல்ல. இதை மனப்பாடம் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இந்த நான்கு வகைப் பிரிப்பு புதிதல்ல. 1976-இல் மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் சேர்ந்து எழுதிய 'கொஹீஷன் இன் இங்கிலீஷ்' என்ற நூலிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நூல் வாக்கியங்களைக் கட்டிப்போடும் வழிகள் ஐந்து என்கிறது. அதில் ஒன்றுதான் இணைப்புச் சொல். 'அது', 'அவர்', 'இந்த' என்று சுட்டுவது ஒரு வழி. ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறொன்றை வைப்பது, சொல்லாமலே புரியும் சொல்லை விட்டுவிடுவது, அதே சொல்லையோ அதற்கு நெருங்கிய சொல்லையோ திரும்பக் கொண்டுவருவது என்று மற்ற மூன்று. அட்டவணையில் இந்த நான்குக்கும் இடமே இல்லை. ஐந்து கயிற்றில் ஒன்றை மட்டும் கையில் கொடுத்து, மூட்டை கட்டு என்றால் எப்படி? அந்த ஒரு கயிற்றையே சுற்றிச் சுற்றிக் கட்டுவோம். முதல் இரண்டு வாரம் எங்கள் எல்லோருடைய கட்டுரையும் அப்படித்தான் இருந்தது.

அட்டவணையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'மாறுபடுத்த' என்ற கட்டத்தில் பட், ஆல்தோ, ஹவெவர், டிஸ்பைட் நான்கும் அடுத்தடுத்து இருக்கும். பார்ப்பவர்கள், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம் என்றுதான் நினைப்பார்கள். பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் வாக்கியத்துக்குள் உட்காரும் இடம் நான்குக்கும் வேறு வேறு. பட் இரண்டு முழு வாக்கியங்களின் நடுவில் உட்காரும். ஆல்தோ ஒரு துணை வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொள்ளும், அந்தத் துணை வாக்கியம் இன்னொரு முழு வாக்கியத்தின் மேல் சாய்ந்தால்தான் நிற்கும். டிஸ்பைட்டுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ, இங் என்று முடியும் வினையோதான் வரும். முக்கியமாக, அதற்குப் பின்னால் ஆஃப் கிடையாது. இன் ஸ்பைட் ஆஃப் உண்டு, டிஸ்பைட் ஆஃப் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்தத் தவறைச் செய்தோம். ஹவெவர்தான் இருப்பதிலேயே கறாரான ஆள். இரண்டு முழு வாக்கியங்களின் நடுவில் வந்தால், முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் கமா வேண்டும். இருபுறமும் கமாவை மட்டும் போட்டு இரண்டு வாக்கியங்களை ஒட்டினால் அது பிழை. பின்னால் வரும் கமாவை விட்டால் பொருளே மாறலாம்: ஹவெவர் ஹார்ட் யூ ட்ரை என்றால் 'ஆனால்' இல்லை, 'எவ்வளவுதான் முயன்றாலும்' என்று அர்த்தம். ஒரே சொல், ஒரு கமாவில் இரண்டு வேலை. இதையெல்லாம் நேரடி வகுப்பில் மேடம் நன்றாகவே சொன்னார். அட்டவணையில் ஒரு ஓரத்திலாவது குறித்திருந்தால் முதல் இரண்டு வாரம் வீணாகியிருக்காது.

மூன்றாவது வாரம்தான் வகுப்பின் உச்சம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக மட்டுமே இதைப் பரிந்துரைக்கலாம் என்று தோன்றுகிறது. மேடம் அன்றைக்கு ஆங்கிலமே எழுதச் சொல்லவில்லை. "மழை பெய்தது, நாங்கள் போனோம், இதைத் தமிழில் எத்தனை விதமாக இணைக்கலாம், எழுதுங்கள்" என்றார். மழை பெய்தாலும் போனோம், மழை பெய்ததால் போனோம், மழை பெய்தபோது போனோம், மழை பெய்த பிறகு போனோம், மழை பெய்தும் போனோம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். "இதில் இணைப்புச் சொல் எங்கே இருக்கிறது, வட்டம் போடுங்கள்" என்றார். 'பிறகு' ஒன்றுதான் தனிச்சொல்லாக இருந்தது. மற்றதெல்லாம் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. உம் என்ற ஒரே எழுத்துத் துணுக்குக்குத் தமிழ் இலக்கணம் எட்டுப் பொருள் சொல்கிறது. எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்று பள்ளியில் படித்தது அன்றைக்குத்தான் எனக்குப் பயன்பட்டது.

அதாவது, தமிழில் முதல் வாக்கியத்தின் வாலில் இருக்கும் இணைப்பு, ஆங்கிலத்தில் அதே வாக்கியத்தின் தலைக்குப் போகிறது. 'பெய்தாலும்' என்பதில் உள்ள 'ஆலும்'தான் ஆல்தோ. அது மழையோடு சேர வேண்டும், போனதோடு அல்ல. நாம் என்ன செய்கிறோம்? 'மழை பெய்தது. இருந்தாலும் போனோம்' என்று தமிழில் இன்னொரு விதமாகவும் சொல்வோம் இல்லையா, அதை மனதில் வைத்து, இருந்தாலும் என்றால் ஆல்தோ என்று படித்ததையும் சேர்த்து, இரண்டாவது வாக்கியத்தின் முன்னால் ஆல்தோவைப் போட்டு, ஒரு கமாவும் வைத்துவிடுகிறோம். அந்த இடத்துக்கு உரியது ஹவெவரோ ஸ்டில்லோதான். நான் பல வருடமாகச் செய்துகொண்டிருந்த தவறு இது. ஏன் தவறு என்று ஒருவரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை, தவறு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பிகாஸும் இப்படித்தான். தமிழில் 'கூட்டம் ரத்தானது. ஏனென்றால் தலைவர் வரவில்லை' என்று முற்றுப்புள்ளி வைத்துத் தனியாக எழுதலாம், ஒன்றும் குறையாது. ஆங்கிலத்தில், அதுவும் அலுவலக எழுத்தில், பிகாஸோடு தொடங்கும் அந்தப் பகுதியைத் தனியே நிறுத்தினால் அது பாதி வாக்கியம்தான். முன்னால் உள்ளதோடு ஒட்டிவிட வேண்டும். அப்புறம் 'வந்து, பார்த்து, படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்' என்று நாம் சரம் சரமாக எழுதுவதை அப்படியே கொண்டுபோனால், ஆண்ட் ஆண்ட் ஆண்ட் என்று ஒரு ரயில் வந்துவிடும். எதை முதன்மை வினையாக வைப்பது, எதைத் துணையாகத் தாழ்த்துவது என்று அங்கே நாம்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் எச்சமும் முற்றும் அந்த முடிவை நமக்காக எடுத்துவிடுகின்றன.

இனி திருத்தத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான்காவது வாரம், மேலாளர் திருப்பி அனுப்பிய அதே அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து அனுப்பினேன். அதன் சாரம் இது: புதிய கணினிகள் மூன்று வாரம் தாமதமாக வந்தன. மோர்ஓவர், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. தேர்ஃபோர், முதல் வாரத்தில் புகார்கள் கூடின. ஃபர்தர்மோர், செலவு திட்டமிட்டதைவிடக் குறைந்தது. மேடம் மோர்ஓவர், தேர்ஃபோர், ஃபர்தர்மோர் மூன்றையும் அடித்துவிட்டார். மாற்றாக வேறு சொல் எழுதவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு கட்டம் வரைந்து, "இங்கே தமிழில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதனால், ஆனால், அதாவது, அப்புறம், இல்லை ஒன்றுமில்லையா? ஒரே சொல்லில் எழுதுங்கள்" என்று குறிப்பு எழுதியிருந்தார்.

உட்கார்ந்து யோசித்தேன். முதல் இடைவெளியில் நான் போட்டிருந்தது மோர்ஓவர், அதாவது 'அதுமட்டுமல்லாமல்'. ஆனால் உண்மையில் நடந்தது என்ன? கணினி தாமதமாக வந்ததால்தான் பயிற்சிக்கு ஒதுக்கியிருந்த நாட்கள் கைவிட்டுப் போயின. இரண்டும் தனித்தனிக் காரணம் இல்லை, ஒன்று இன்னொன்றின் விளைவு. அந்த விவரம் என் மண்டையில் இருந்தது, தாளில் இல்லை. மோர்ஓவர் அந்த ஓட்டையை மூடி வைத்திருந்தது. கடைசி இடைவெளியில் ஃபர்தர்மோர் போட்டிருந்தேன், கெட்ட செய்திகளின் வரிசையில் ஒரு நல்ல செய்தியை 'மேலும்' என்று கோத்திருந்தேன். அது 'ஆனால்' வர வேண்டிய இடம். மேலாளர் கேட்ட 'எதனால் எது' என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவருக்குத் தெரியாமல் போனது என் ஆங்கிலத்தால் இல்லை, நானே அதை முடிவு செய்யாமல் எழுதியிருந்தேன்.

திருத்திய பத்தி இப்படி வந்தது: கணினிகள் மூன்று வாரம் தாமதமாக வந்தன. இந்தத் தாமதம் பயிற்சிக்கான நாட்களைத் தின்றுவிட்டது. பயிற்சி இல்லாமல் வேலை தொடங்கியதால் முதல் வாரத்தில் புகார்கள் கூடின. செலவு, ஆனால், திட்டமிட்டதைவிடக் குறைந்தது. ஆங்கிலத்தில் இதில் இருக்கும் இணைப்புச் சொற்கள் இரண்டுதான், பிகாஸ் ஒன்று, ஹவெவர் ஒன்று. முதல் இரண்டு வாக்கியங்களைக் கட்டுவது திஸ் டிலே என்ற இரண்டே சொல். 'இந்த' என்று சுட்டி, அதோடு முன்னால் சொன்னதைச் சுருக்கும் ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்ப்பது. இந்த உத்தி எனக்கு ஒரு பொக்கிஷம். திஸ் என்று மொட்டையாக விட்டால் எது என்று படிப்பவர் தேடுவார், திஸ் டிலே, திஸ் ஹேபிட், திஸ் சேஞ்ச் என்று பெயரோடு வைத்தால் தேட வேண்டியதில்லை. படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததில் வாக்கியத்தைத் தொடங்கி, புதிதாகச் சொல்வதைக் கடைசியில் வையுங்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொன்னார். அட்டவணையில் இல்லாத அந்த நான்கு வழிகளும் இப்படித்தான் திருத்தம் வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தன, பாடத்திட்டம் வழியாக இல்லை.

ஐந்தாவது வாரம் பொருள் குழம்பும் சொற்கள். இதுவும் நன்றாகவே போனது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன் த கான்ட்ரரியும் ஆன் தி அதர் ஹேண்டும் ஒன்றல்ல. முன்னால் சொன்னதை மறுத்து, அதற்கு நேர்மாறானதுதான் உண்மை என்று சொல்ல முதலாவது: வேலை கடினம் இல்லை, சொல்லப்போனால் மிக எளிது. ஒரு விஷயத்தின் மறுபக்கத்தைக் காட்ட இரண்டாவது: வேலை கடினம், ஆனால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். அட் லாஸ்ட் என்றால் 'கடைசியாக' இல்லை, 'அப்பாடா, ஒருவழியாக' என்று நெடுநேரம் காத்திருந்து பெருமூச்சு விடுவது. கட்டுரையின் கடைசிக் கருத்தைச் சொல்ல ஃபைனலியோ லாஸ்ட்லியோ போதும். சின்ஸ், வைல் இரண்டுக்கும் காலப் பொருளும் உண்டு, வேறு பொருளும் உண்டு. சின்ஸ் 'அன்றிலிருந்து' என்றும் வரும், 'என்பதால்' என்றும் வரும். இரண்டு விதமாகவும் படிக்க இடம் இருந்தால் பிகாஸ் என்றே எழுதிவிடுங்கள் என்றார். பிகாஸ் சாதாரணச் சொல், அதனால் தரம் குறைந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்த வாரத்தோடு போய்விட்டது.

இப்போது குறை. அந்தப் பயிற்சிப் பக்கம். நாம் பத்தியைப் போட்டதும் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும், பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று ஏறும். என் பழைய பத்தியைப் போட்டேன், 82 வந்தது. மேடம் திருத்திக் கொடுத்த பத்தியைப் போட்டேன், 61. சந்தேகம் வந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு வாக்கியங்களை எழுதி ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெரிய சொல்லாக வைத்தேன். 88. அந்தப் பக்கம் எண்ணுகிறது, படிக்கவில்லை. தினமும் அதில் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், தொடர்ந்து செய்பவர்களுக்குப் பாராட்டும் உண்டு. வகுப்பில் சேர்பவர்கள் தெரியாமல்தான் சேர்கிறார்கள், அந்தப் பச்சைக் கோட்டை நம்பித்தான் ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் தவறான பழக்கத்துக்கு மதிப்பெண் கொடுப்பது பெரிய தப்பு.

இது வெறும் கொள்கைப் பிரச்சினை இல்லை. எங்கள் குழுவில் பலர் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்கள். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதி ஒரு மணி நேரம். இரண்டாவது பணியில் குறைந்தது 250 சொற்கள், அதற்கு 40 நிமிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மதிப்பீடு நான்கு அளவுகோல்களில் நடக்கிறது, கருத்துகளின் கோவையும் பிணைப்பும் அதில் ஒன்று, அதாவது கால் பங்கு மதிப்பெண். தேர்வு நடத்துபவர்கள் வெளியிட்டிருக்கும் அளவுகோல் விளக்கத்தைப் படித்தால், உச்ச மதிப்பெண்ணான பேண்ட் 9-க்கான வரி, பிணைப்பு மிக அரிதாகவே படிப்பவரின் கவனத்துக்கு வரும்படி இருக்க வேண்டும் என்கிறது. இயந்திரத்தனமான பிணைப்பு பேண்ட் 6-க்கான விளக்கத்தில் வருகிறது. அளவுக்கு மீறிய பயன்பாடு பேண்ட் 5-இல் ஒரு குறையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பச்சைக் கோடு மேலே ஏற ஏற உண்மையான மதிப்பெண் கீழே இறங்க வாய்ப்பு இருக்கிறது. இதை விளக்கி, மூன்று பத்திகளையும் இணைத்து அவர்களுக்கு எழுதினேன். மாணவர்களை ஊக்கப்படுத்தத்தான் அந்த மதிப்பெண், இறுதி மதிப்பீடு ஆசிரியருடையதுதான் என்று பதில் வந்தது. பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. குழுவில் 24 பேர், எனவே நேரடி வகுப்பில் எல்லோருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்காது. ஒலி, படம் எல்லாம் தெளிவு. வகுப்பு முடிந்து மூன்று மாதம் வரை பதிவுகளைப் பார்க்கலாம். திருத்தம் நான்கு நாளில் வரும் என்று சொன்னார்கள், பெரும்பாலும் வந்தது, ஒருமுறை மட்டும் ஒன்பது நாள் ஆனது. 24 பேர் கட்டுரையை வரிவரியாகப் படித்துக் கேள்வி எழுதும் ஒருவரிடம் வேகமும் கேட்பது நியாயமில்லைதான், ஆனால் அவருக்குத் துணையாக இன்னொரு ஆசிரியரைப் போடலாம்.

யாருக்கு இது ஒத்துவரும்? வாக்கியம் தனித்தனியாகச் சரியாக எழுத வந்துவிட்டது, பத்தியாக நிற்கவில்லை என்பவர்களுக்கு. தினமும் நீண்ட மின்னஞ்சல், அறிக்கை எழுதுபவர்களுக்கு. காலம், எழுவாய்ப் பொருத்தம் போன்றவற்றிலேயே இன்னும் தடுமாறுபவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டு வரலாம், இல்லையென்றால் திருத்தத்தில் எல்லாம் அதற்கே போய்விடும். தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சேரலாம், பயிற்சிப் பக்கத்தைத் திறக்காமல் அந்த நேரத்தில் எழுதியதைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு இடைவெளியிலும் தமிழில் என்ன சொல்வேன் என்று கேட்டுக்கொண்டால் போதும். எந்த வகுப்பாக இருந்தாலும், சேரும் முன் திருத்திய கட்டுரை ஒன்றை மாதிரிக்குக் காட்டச் சொல்லுங்கள். திருத்தத்தில் சொல் மட்டும் மாறியிருக்கிறதா, கேள்வியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் ஆறாவது வாரக் கட்டுரை திரும்பி வந்தபோது ஒரே ஓர் இடத்தில்தான் கோடு இருந்தது. ஒரு தேர்ஃபோரின் கீழே, பக்கத்தில் "எப்படி?" என்று கேட்டிருந்தார். பார்த்தேன், நடுவில் இரண்டு வாக்கியம் விடுபட்டிருந்தது. எழுதிச் சேர்த்ததும் தேர்ஃபோர் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். வகுப்பு முடிந்த பிறகும் அதை அனுப்பினேன், கட்டாயம் இல்லாவிட்டாலும் மேடம் படித்துப் பதில் எழுதினார், அதில் மறுபடியும் ஒரு கேள்வி இருந்தது.